சீல் கிட் போதுமா, முழுக் காலிப்பரே மாற்ற வேண்டுமா?

கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினாலே முன்பக்க வலது சக்கரம் மட்டும் கொதிக்கிறது. வண்டியும் அந்தப் பக்கமே இழுக்கிறது. பிரேக் பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் ஜாம் ஆகிவிட்டது, புதிதுதான் போட வேண்டும் என்கிறார்கள். அதன் ரப்பர் வளையங்கள் அடங்கிய சீல் கிட் வாங்கி நானே மாற்றிக்கொள்ள முடியாதா?

பதில்: முடியும். ஆனால் கிட் வாங்கும் முன், பிடிப்பது காலிப்பர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சக்கரம் பிடித்திருக்கும்போதே ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காலிப்பரின் பிளீடர் நிப்பிளை (காற்று எடுக்கும் திருகை) கால் சுற்று தளர்த்துங்கள். எண்ணெய் பீய்ச்சி அடித்து, சக்கரம் உடனே விடுபட்டால் காலிப்பர்மேல் தப்பில்லை. மிதியை விட்ட பிறகும் அழுத்தம் உள்ளேயே தங்குகிறது என்று அர்த்தம். ரப்பர் ஹோஸ் உட்பக்கம் உரிந்து அடைத்திருக்கலாம், அல்லது மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் திரும்ப விடாமல் இருக்கலாம். அடுத்த முறை சக்கரம் பிடிக்கும்போது, ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் விடவில்லை என்றால் ஹோஸ்தான் குற்றவாளி. நல்ல காலிப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதிலும் அதே சூட்டைப் பார்த்துத் திகைப்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லையா? அப்போது பிடிப்பு, பேடைத் தள்ளும் பிஸ்டனிலோ, காலிப்பர் வழுக்கி நகரும் வழிகாட்டிப் பின்களிலோ இருக்கிறது. முதலில் பின்கள். காலிப்பரைக் கழற்றி இரண்டு பின்களையும் கையால் இழுத்துத் தள்ளுங்கள். தடையில்லாமல் வழுக்க வேண்டும். பேடு ஒரு முனையில் மட்டும் அதிகம் தேய்ந்து சாய்வாக இருந்தால் ஒரு பின் இறுகிவிட்டது. இதற்கு சீல் கிட்கூட வேண்டாம். பின்னைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, துளையையும் சுத்தம் செய்து, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகப் பூசி மாட்டினால் போதும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் கூடவே கூடாது. அது பின்னின் ரப்பரை ஊதச் செய்து, சில மாதங்களில் முன்னைவிட மோசமாக இறுக்கும். ஒரு பின்னின் நுனியில் மட்டும் ரப்பர் உறை இருந்தால் அது எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதிலேயே போக வேண்டும்.

பின்கள் சரி, பிஸ்டன்தான் நகரவில்லை என்றால் சீல் கிட். பிஸ்டனை வெளியே எடுக்க எளிய வழி பிரேக் மிதியே. ஹோஸைக் கழற்றும் முன், பேடுகளை எடுத்துவிட்டு, காலிப்பரின் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகி, உதவியாளர் ஒருவரை மிதியை மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். காற்று அழுத்தத்தால் தள்ளினால் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டுபோல வரும். விரல் அங்கே இருக்கவே கூடாது.

இனி முடிவைச் சொல்லப்போவது பிஸ்டனின் முகம். பெரும்பாலான டிஸ்க் காலிப்பர்களில் சீல், உடலில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அது உரசுவது பிஸ்டன்மேல்தான். ஆகவே சிலிண்டர் சுவரில் லேசான கறையோ கோடோ இருப்பது பெரிய விஷயமில்லை. பிஸ்டனில் நகத்தை ஓட்டும்போது சிக்குகிற குழி ஒன்று இருந்தாலும், புது சீல் போட்டும் பயனில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குரோம் முலாம் போய், துரு இரட்டை வேகத்தில் வரும். பிஸ்டனோடு சேர்ந்த கிட் கிடைத்தால் அதை வாங்குங்கள். சீல் உட்காரும் பள்ளத்தில் துருவோ வெள்ளைப் பொடியோ சேர்ந்திருந்தால் மரக்குச்சி அல்லது பித்தளைக் கம்பியால் சுரண்டுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம். சுரண்டிய பிறகு பள்ளத்தின் அடியில் குழிகள் தெரிந்தால் அந்தக் காலிப்பரின் ஆயுள் முடிந்தது. பிளீடர் நிப்பிள் உள்ளேயே முறிந்துபோனாலும் அப்படித்தான்.

கழுவுவதற்கு பிரேக் கிளீனர் அல்லது புது பிரேக் ஆயில். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் பட்ட ரப்பர் ஊதிவிடும். புது சீலை பிரேக் ஆயிலில் நனைத்து, முறுக்கு விழாமல் பள்ளத்தில் உட்காரவைத்து, பிஸ்டனை நேராக வைத்துக் கட்டைவிரல்களால் அழுத்துங்கள். போகவில்லை என்றால் சாய்ந்திருக்கிறது. எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். சுத்தியல் எடுக்க வேண்டாம். அந்தச் சதுர வெட்டு சீலுக்கு இரண்டு வேலை. மிதிக்கும்போது எண்ணெய் கசியாமல் அடைக்கும். மிதியை விட்டதும், வளைந்த ரப்பர் நிமிர்ந்து பிஸ்டனைத் துளியளவு பின்னுக்கு இழுக்கும். பழைய சீல் கெட்டிப்பட்டதும் இந்த இழுப்பு போய்விடுகிறது. கசிவே இல்லாமல் சக்கரம் சூடாவதற்கு ஒரு காரணம் அதுதான்.

ஹோஸ் போல்ட்டின் இரு பக்கச் செம்பு வாஷர்களும் புதிதாக இருக்கட்டும். பிரேக் ஆயில், தொட்டி மூடியில் போட்டிருக்கும் டாட் (DOT) தர எண்ணின்படியே. காற்று எடுக்கும்போது மேலே உள்ள தொட்டி வற்றக் கூடாது. எல்லாம் மாட்டியதும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே மிதி கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். முதல் மிதி சும்மா தரைவரை போகும். அது சாலையில் நடக்கக் கூடாது. பிறகு எஞ்சின் ஓட, ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடித்து, இணைப்புகளில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். இடது பக்கத்துப் பின்களையும் கையோடு கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு: ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்திருக்கும் பின்பக்கக் காலிப்பர். கம்பியால் இயங்கும் வகையில் பிஸ்டனைச் சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும்; கிளாம்ப் போட்டு நெருக்கினால் உள்ளே இருக்கும் திருகு உடையும். மின்சார ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த வகைகளில் தேய்வது சீல் மட்டுமல்ல, உள்ளிருக்கும் இயந்திரமும்தான். அதனால் முழுதாக மாற்றுவதையே சொல்வோம்.

கேள்வி: பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிர்கிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் கடைந்தால் போதும் என்கிறார் மெக்கானிக். சரிதானா?

பதில்: டிஸ்க் நிஜமாக வளைவது அபூர்வம். தடிமன் ஒரே சீராக இல்லாமல் போவதும், பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டுவதும்தான் பெரும்பாலும் அதிர்வைத் தரும். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுக்கிண்ணத்திலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் 8 இடங்களில் அளந்து பாருங்கள். வெர்னியரை நம்பாதீர்கள், விளிம்பில் தேயாமல் நிற்கும் மேட்டில் அது உட்கார்ந்து, தடிமனைக் கூட்டிக் காட்டும்.

கணக்கு எளிது. புதிதில் 22 மி.மீ., குறைந்தபட்சம் 20 மி.மீ. என்றும், இப்போது இருப்பது 20.6 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 0.3 மி.மீ. கடைந்தால் நேரே 20-க்கு வந்துவிடும். கடைந்த அன்றே கழித்துப் போட வேண்டிய டிஸ்க் அது. 21.5 இருந்தால் கடைவதில் அர்த்தம் உண்டு. எதுவானாலும் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்துச் செய்யுங்கள், பேடும் புதிது போடுங்கள். மாட்டும் முன், டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவை கம்பி பிரஷால் எடுத்துவிடுங்கள். அங்கே மெல்லிய துருச் செதில் ஒன்று இருந்தாலும் புது டிஸ்க் விளிம்பில் ஆடும்; 0.05 மி.மீ. ஆட்டத்தையே பல தயாரிப்பாளர்கள் எல்லையாக வைத்திருக்கிறார்கள். நட்டுகளை ஒரே அளவு முறுக்கத்தில், எதிரெதிராக இறுக்குங்கள்.

கேள்வி: பேட்டரி புதிது. ஆனாலும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜ் விளக்கு மங்கலாக எரிகிறது. ஆல்டர்னேட்டரில் பிரஷ் மட்டும் மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: ஆல்டர்னேட்டரில் தேயவென்றே வைத்த பாகம் கார்பன் பிரஷ். ஆகவே உங்கள் யோசனை சரியான இடத்தில்தான் தொடங்குகிறது. முதலில் பெல்ட் வழுக்கவில்லை என்பதைப் பாருங்கள். பிறகு மல்ட்டிமீட்டர். எஞ்சின் நிறுத்தியிருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். முகப்பு விளக்கும் புளோயரும் போட்டதும் 13-க்குக் கீழே விழுந்தால் சார்ஜ் போதவில்லை. கணினி கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் இந்த எண் வேண்டுமென்றே ஏறி இறங்கும். அங்கே இந்த ஒரு அளவை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

அடுத்து மீட்டரை ஏசிக்கு மாற்றி அதே பேட்டரி முனைகளில் வையுங்கள். ஓடும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் ஏசி காட்டினால் டயோடு போயிருக்கிறது. பிரஷ் மாற்றிப் பலன் இல்லை. டயோடு பழுது இரவோடு இரவாக பேட்டரியைக் காலி செய்யவும் கூடும்.

பிரஷ்தான் என்று தோன்றினால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். பல மாடல்களில் பின்பக்க மூடிக்குள் இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றினால் ரெகுலேட்டரும் பிரஷும் சேர்ந்தே வெளியே வரும். கூட்டிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் பிரஷ் 5 மி.மீ.-க்குக் குறைவாக இருந்தால் மாற்றுங்கள். தனி பிரஷ் வாங்கினால் பழைய ஒயரின் பற்றை உருக்கி எடுத்துப் புதியதைப் பற்றவைக்க வேண்டும். பற்று ஒயரில் ஏறிவிட்டால் அது விறைத்து, பிரஷ் கூட்டிலேயே சிக்கிக்கொள்ளும். கையில் பழக்கம் இல்லை என்றால் ரெகுலேட்டரோடு சேர்த்தே வாங்குங்கள்.

பிரஷ் உரசும் செம்பு வளையங்களையும் பாருங்கள். சாக்லேட் நிறப் படலம் இருப்பது இயல்பு. கறுத்துப் போயிருந்தால் 400-ம் எண் உப்புத்தாளால் சுற்றிலும் ஒரே அளவு துடைக்கலாம். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் மின்சாரம் கடத்தும். இரு வளையங்களுக்கு இடையே பெரும்பாலான வண்டிகளில் 2 முதல் 5 ஓம் வரை காட்டும். வளையத்துக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. வளையத்தில் பிரஷ் வெட்டிய ஆழமான பள்ளம் இருந்தால் புது பிரஷ் அதில் உட்காராமல் பொரிந்து, சீக்கிரம் கரைந்துவிடும்.

பிரித்த கையோடு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங். எண் அதன் மேலேயே இருக்கும். அதே எண்ணில் புதிது வாங்கி, ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும், கூட்டில் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்துங்கள். மாற்றி அழுத்தினால் குண்டுகள் வழியாக விசை போய், புது பேரிங் முதல் நாளே சத்தம் போடும். பிரஷ், பேரிங் வரை செய்வது லாபம். சுருளிலிருந்து கருகிய வார்னிஷ் வாசனை வந்தாலோ டயோடும் வளையமும் சேர்ந்து போயிருந்தாலோ முழு ஆல்டர்னேட்டரை மாற்றிவிடுங்கள். பாகம் பாகமாக வாங்கினால் புதிய ஒன்றின் விலையைத் தாண்டிவிடும், வேலையும் இரட்டிப்பு.

கேள்வி: சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், மோட்டார் சுற்றவில்லை. நாலைந்து முறை திருப்பினால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஸ்டார்ட்டரையே மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் கேபிளைச் சோதியுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய முனைக்கும் இடையே அளவிடுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தடை கேபிளில் இருக்கிறது. நெகட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டர் உடலுக்கும் இடையிலும் அதேபோல் பாருங்கள். இரண்டும் சரி என்றால், மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்தச் சுவிட்சான சோலனாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கும். திருகு போட்டு மூடிய வகையில் அவற்றை மட்டும் மாற்றலாம். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இரண்டும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று உயர்ந்திருந்தால், இரண்டையும் இணைக்கும் தட்டு ஒரு பக்கம் மட்டும் தொட்டு, அதே 'டக்' திரும்ப வரும். மடக்கி அடைத்த வகை என்றால் சோலனாய்டை மட்டும் தனியாக மாற்றுங்கள், மோட்டார் இருக்கட்டும். மோட்டார் வீரிட்டுச் சுற்றியும் எஞ்சின் அசையவில்லை என்றால் அது வேறு கதை: மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் பினியன் கிளட்ச் வழுக்குகிறது.

கேள்வி: சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உட்பக்கமெல்லாம் கிரீஸ். சத்தம் எதுவும் இல்லை. பூட் போதுமா, முழு ஷாஃப்ட்டா?

பதில்: சத்தம் இல்லை என்பதுதான் நல்ல செய்தி. காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து, மெதுவாக முடுக்கி வட்டம் போடுங்கள்; இரண்டு பக்கமும். 'டிக் டிக்' என்று கேட்டால் மூட்டுக்குள் குண்டு ஓடும் பாதை குழிந்துவிட்டது. பூட்டும் கிரீஸும் அதைத் திருப்பித் தராது. கேட்கவில்லை என்றால் பூட் மட்டும், ஆனால் இந்த வாரமே. கிழிசல் வழியாகப் போகும் மணலும் தண்ணீரும் எஞ்சிய கிரீஸோடு சேர்ந்து அரைக்கும் பசை ஆகிவிடும்.

ஹப் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். ஷாஃப்ட்டை வெளியே எடுத்து, சக்கரப் பக்கத்து வெளிமூட்டைப் பித்தளைக் கட்டையால் தட்டி இறக்கியதும் முழுதாகக் கழுவிக் காயவையுங்கள். பழைய கிரீஸின்மேல் புதியதைத் திணிப்பது வேலையே இல்லை. குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டைச் சாய்த்து ஒவ்வொரு குண்டையும் அதன் பாதையையும் விளக்கொளியில் பாருங்கள். பளபளப்பு இருக்கலாம், நகம் சிக்கும் குழி இருக்கக் கூடாது. கூண்டின் ஜன்னல் ஓரத்தில் படி விழுந்திருந்தால் மூட்டை மாற்றுங்கள்.

கிரீஸ் என்றால் மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ். கிட்டில் வரும் பொட்டலம் வெளிமூட்டுக்குப் பெரும்பாலும் 80 முதல் 120 கிராம். முழுதும் போட வேண்டும். முக்கால்வாசியைக் குண்டுகளுக்கு இடையே அழுத்தி ஏற்றி, மீதியைப் பூட்டுக்குள் விடுங்கள். சிறிய கிளாம்ப்பை இறுக்கும் முன் பூட்டின் உதட்டைச் சற்றே தூக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று அடைபட்டால் பூட் உப்பி, சீக்கிரம் கிழியும். வளைத்துக் குத்திப் பூட்டும் ஹப் நட்டை மறுபடி போடக் கூடாது, புதிது வேண்டும். அதன் முறுக்க அளவு பெரிது. வண்டியின் புத்தகத்தைப் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பிளந்து ஒட்டும் பூட் என்று ஒன்று கிடைக்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றாமல் மாட்டலாம் என்ற ஆசை காட்டும். ஒட்டும் இடத்தில் துளி கிரீஸ் பட்டாலும் பிளந்துவிடும், அவசரத்துக்கு மட்டும்.

பூட்டுக்காக முழு ஷாஃப்ட் மாற்றும்போது இன்னொன்றையும் யோசியுங்கள். தேயாத அசல் மூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தரம் தெரியாத மலிவு ஷாஃப்ட்டை வாங்கினால் அதிர்வோடுதான் வீடு திரும்புவீர்கள்.

கேள்வி: சாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது. துளை போட்டு எண்ணெய் நிரப்பித் தருகிறார்களே?

பதில்: வேண்டாம். கசிவது தேய்ந்த சீல் வழியாக. ஊற்றும் எண்ணெயும் அதே வழியாக வரும். வாயு நிரப்பிய வகையில் துளை போட்டதும் அழுத்தமும் போய்விடும், வேகத்தில் எண்ணெய் நுரைக்கும். மேல் பகுதியில் தூசி ஒட்டிய லேசான ஈரம் மட்டும் என்றால் இன்னும் ஓட்டலாம். உடல் முழுக்க வழிந்தால் ஜோடியாக மாற்றுங்கள். ஸ்பிரிங்கும் சாக் அப்சார்பரும் ஒன்றாக இருக்கும் ஸ்ட்ரட் வகையில், ஸ்பிரிங்கை நெருக்கும் கருவி சரியில்லாமல் மேல் நட்டைத் தொடாதீர்கள். உயிர் போகும் விசை அதில் இருக்கிறது.

கேள்வி: முன்சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்டில் ஆட்டம். ஊசியால் கிரீஸ் ஏற்றினால் சரியாகுமா?

பதில்: சத்தம் குறையும், ஆட்டம் குறையாது. சத்தம் குறைவதுதான் ஆபத்து. மாற்றுங்கள். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைக்கும் இதே பதில்.

கேள்வி: முகப்பு விளக்கின் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. பற்பசை போட்டுத் தேய்த்ததில் பளிச்சென்று ஆகி, சீக்கிரமே பழையபடி மங்கிவிட்டது.

பதில்: அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலைத் தாங்கும் மேல்பூச்சு சிதைந்ததால்தான் மஞ்சள் ஏறியது. பற்பசை அந்தச் சிதைந்த பூச்சில் கொஞ்சத்தைத் துடைத்தது, புதிய காப்பு எதையும் தரவில்லை. சுற்றியுள்ள பெயின்ட்டை டேப்பால் மறைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே 800, 1500, 2000, 3000 எண் தாள்களால் வரிசையாகத் தேயுங்கள். ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளின் கோடுகள் முழுதும் மறைந்த பிறகே அடுத்தது. தேய்க்கும்போது வடியும் நீர் முதலில் மஞ்சளாக இருக்கும். வெள்ளையானால் பழைய பூச்சு போய்விட்டது. பிறகு பாலிஷ், ஸ்பிரிட்டால் துடைப்பு, கடைசியாக புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவான பூச்சு. இந்தக் கடைசிப் படியை விட்டால் எல்லாம் வீண். மங்கல் உட்பக்கமாக இருந்தாலோ பிரதிபலிப்பான் கருகியிருந்தாலோ விளக்கை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் முடி போன்ற விரிசல். எபாக்சி பிடிக்குமா?

பதில்: பட்டறைவரை கொண்டுசெல்லப் பிடிக்கும். அதற்கு மேல் நம்பாதீர்கள். அந்தத் தொட்டி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில், 90 டிகிரிக்கு மேல் சூடாகி, ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்குகிறது. எபாக்சி அதோடு சேர்ந்து விரியாது. கசிவை அடைக்கும் பொடி போட்டால் ஹீட்டரின் நுண்குழாய்கள் முதலில் அடைபடும். கசிவு தொட்டிக்கும் அலுமினியப் பகுதிக்கும் இடையிலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயென்றால் கேஸ்கெட் மாற்றி, பற்களை மறுபடி மடக்கி இறுக்க முடியும்.

கேள்வி: அலுமினிய சம்ப்பில் (எஞ்சின் எண்ணெய்த் தொட்டியில்) எண்ணெய் வடிக்கும் டிரெயின் போல்ட்டின் மரை போய்விட்டது, இறுக்கினால் சும்மா சுற்றுகிறது. சம்ப்பையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். துளையைப் பெரிதாக்கி, எஃகுக் கம்பிச்சுருள் மரை பதிக்கலாம். சரியாகச் செய்தால் அசல் அலுமினிய மரையைவிட உறுதி. போல்ட்டின் விட்டத்தையும் மரை இடைவெளியையும் அளந்து அதற்கான கிட் வாங்குங்கள். மரை வெட்டும் டேப்பை நேராகப் பிடியுங்கள். சாய்ந்தால் வாஷர் முழுதும் உட்காராமல் கசியும். டேப்பின் பள்ளங்களில் கெட்டி கிரீஸ் அப்பிக்கொண்டால் சீவல்கள் அதிலேயே ஒட்டும். அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று போய், அடிக்கடி வெளியே எடுத்துத் துடையுங்கள். சுருளின் அடியில் உள்ள குறுக்குக் கொம்பை உடைத்து எடுக்கும்போது அது சம்ப்புக்குள் விழாமல் இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் போல்ட் போடாமலே அரை லிட்டர் புது எண்ணெயை மேலிருந்து ஊற்றி வடியவிடுங்கள். தங்கிய சீவல் அதோடு வந்துவிடும். உள்ளே நிறைய விழுந்துவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் சம்ப்பைக் கழற்றிக் கழுவிய பிறகே எஞ்சினை ஓட்டுங்கள்.